புதுச்சேரி தமிழர் பகுதியில் எங்கள் வீடு விற்பனைக்கு: போனில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஆடி முடிந்த மறுநாள் வாசலில் பலகை வைத்தோம். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறவில்லை. ‘எழுதி வைத்துவிடு அக்கா, தொண்டைத் தண்ணியாவது மிஞ்சும்’ என்றான் தம்பி. வீட்டின் கோளாறுகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். அதில் மட்டும் அவனுக்கு உடன்பாடு இல்லை.

வீடு எங்கே இருக்கிறது? கடல் தெரியுமா?

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, நேரு வீதிக்கு வடக்கே, ஈஸ்வரன் கோயில் மணிச்சத்தம் கேட்கிற தூரத்தில். கடல் தெரியாது. மொட்டைமாடியில் எக்கி நின்றாலும் தெரியாது. கடற்கரையில் இருக்கும் காந்தி சிலைக்கு மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். ஆனால் பூட்டில் துரு, சுவரில் உப்பு, மாடிக் கதவின் பித்தளைக் கைப்பிடியில் எப்போதும் ஒரு பிசுபிசுப்பு என்று கடல் தானே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

சில புரோக்கர்கள் இதை ‘ஒயிட் டவுன் பிராப்பர்ட்டி’ என்று போட்டோ அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. மஞ்சள் மதில், காகிதப்பூக் கொடி எல்லாம் உள்ள அந்தப் பிரெஞ்சுப் பகுதி வாய்க்காலுக்குக் கிழக்கே. அங்கே வீடு மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இங்கே வீடே தெருவுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

300 வருஷப் பழைய வீடு என்கிறார்களே?

அப்படிச் சொல்பவரிடம் 1761ஐப் பற்றிக் கேளுங்கள். அந்த வருஷம் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, கோட்டையோடு சேர்த்து நகரத்தையும் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் உடன்படிக்கைப்படி 1765இல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபின் கட்டியதுதான் இன்று நாம் பார்க்கும் புதுச்சேரியில் பெரும்பகுதி. அதற்கு முந்தையது என்று சொல்லிக்கொள்ள மிகச் சில கட்டடங்களே உண்டு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அவற்றில் ஒன்று. வீட்டைவிட வீதிதான் பழசு. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் போட்ட திட்டத்திலிருந்து வந்தவை இந்தக் கட்டம் கட்டமான வீதிகள். பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரருக்குப் போய்விட்டது.

எங்களிடம் உள்ள மிகப் பழைய பத்திரம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. கீழ்க்கட்டு அதற்கும் முந்தையது என்று நாங்கள் நினைக்கிறோம். நினைப்பதற்குப் பத்திரம் கிடையாது, ஆகவே அதற்கு விலையும் சேர்க்கவில்லை.

இது பிரெஞ்சு வீடா, தமிழ் வீடா?

கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. தமிழர் பகுதியில் வசதியான குடும்பங்கள் பலவும் இப்படித்தான் கட்டின.

தெருவிலிருந்து வருகிறபோது முதலில் மரத்தூண் வைத்த தாழ்வாரம், பிறகு திண்ணை, பிறகு ரேழி. ரேழியில் நுழைந்ததும் கண் கொஞ்சம் இருட்டும். நான்கு எட்டு வைத்ததும் முற்றத்து வெளிச்சம் முகத்தில் விழும். வெயிலில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்கிறார்கள், நான் கவனித்திருக்கிறேன். முற்றத்தைச் சுற்றி எட்டு மரத்தூண்கள், கூடம், சாமி அறை. பின்கட்டில் அடுப்படி, கிணறு, ஒரு முருங்கை.

மாடி முன்கட்டின் மேல் மட்டும். அங்கே ஏறினால் வேறு ஊர். வளைவு வைத்த உயரமான சன்னல்கள், காற்று மட்டும் நுழையும்படி மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய கதவுகள், தெருவைப் பார்த்த உப்பரிகை, சுவரில் பாதி புதைந்தது போன்ற சுண்ணாம்புத் தூண் அலங்காரம். தாத்தா அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பிரெஞ்சுப் பத்திரிகை படிப்பார். சாப்பிடக் கீழே வந்து கூடத்தில் சம்மணம் போட்டுக்கொள்வார். வீட்டின் கட்டடக்கலையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அளவு?

மனை 28 அடிக்கு 112 அடி. கிழக்குப் பார்த்த வாசல். இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டிய சுவர், சந்து கிடையாது.

தாழ்வாரமும் திண்ணையும் நம்முடைய இடம்தானே? அடைத்து ஒரு கடை வைக்கலாமா?

திண்ணை நம்முடையது. தாழ்வாரத்தின் தூணும் கூரையும் நாம் போட்டவை. ஆனால் அது நிற்கும் இடம் எங்கள் பத்திர அளவுக்குள் வராது. வெயிலிலும் மழையிலும் தெருவில் போகிறவர் ஒதுங்க என்று வீட்டுக்காரர்கள் கட்டி வைத்தது அது. ஒரு காலத்தில் வீதியின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரை தாழ்வாரத்துக்குள்ளேயே நடந்துவிடலாம் என்பாள் பாட்டி. இப்போது எங்கள் வரிசையில் மூன்று வீடுகளுக்குத்தான் மிச்சம். கடை வைக்கிற எண்ணம் இருந்தால் வேறு வீடு பாருங்கள். திண்ணையில் சனி, ஞாயிறுகளில் யாராவது உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.

கூரை ஒழுகுமா?

முன்கட்டு ஒழுகாது. அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் நெருக்கமாகக் கட்டைகள். அவற்றின் மேல் அச்சுக்கல் என்கிற ஒல்லியான செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை பிடித்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. கீழே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் இரண்டு கட்டைக்கு நடுவே அந்தக் கல்லின் சாய்ந்த வரிசை தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நான் எண்ணுவது அதைத்தான்.

பின்கட்டு நாட்டு ஓடு. அது ஒழுகும். வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன் ஆள் ஏற்றி ஓடு மாற்ற வேண்டும். இரண்டு வருஷமாக நாங்கள் மாற்றவில்லை.

சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனவர் சொன்னார். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

இந்த வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அஸ்திவாரத்தில் நீர்காப்பு என்று எதுவும் இல்லை, அந்தக் காலத்து வீடு எதிலும் இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மழைக்காலத்தில் சுவர் கறுக்கும், மாசி பங்குனியில் காய்ந்து வெளுக்கும். கொஞ்சம் உப்புப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிட்டு வெள்ளையடித்தால் தீர்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

தொண்ணூறுகளில் அப்பா ஒரு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து, ‘சார், சுண்ணாம்பெல்லாம் ஓல்டு. சிமென்ட் பூசிட்டா ஆயுசுக்கும் பிரச்சினை இல்லை’ என்றார். கூடத்தின் தெற்குச் சுவரைக் கொத்திவிட்டு ஆளுயரத்துக்கு சிமென்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்தார்கள். இரண்டு மழைக்குச் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. அப்பா வருகிறவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். மூன்றாவது வருஷம் சிமென்ட் பூச்சுக்கு மேலே, முன்பு ஈரமே ஏறாத உயரத்தில், சுவர் பொரிய ஆரம்பித்தது. வெளியே வர வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலே ஏறியிருக்கிறது. பூச்சைப் பிளந்து பார்த்தபோது உள்ளே செங்கல் விரலால் சுரண்டினால் மாவாகக் கொட்டியது. சிமென்ட் மட்டும் கல்லு மாதிரி நின்றது.

தானே புயலுக்கு அடுத்த வருஷம், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு பெரியவரைப் பிடித்தோம். கொத்தனார்களில் அந்த வகை இப்போது குறைவு. அவர் வந்ததும் டேப்பு எடுக்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டொக்’ என்றது, கெட்ட இடத்தில் பொத்தலான சத்தம். தட்டித் தட்டியே சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டுக்கு உள்ளே இருந்த சிமென்ட்டையெல்லாம் உரித்து, மாவான கல்லை மாற்றி, இரண்டு மாதம் அப்படியே காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு பூசினார். இரண்டு மாதமும் அம்மா அந்தக் கூடத்தில் விளக்கு வைக்க வந்து அழுதுகொண்டு நின்றாள். சுவர் தேறிவிட்டது.

பாக்கி ஒன்று உண்டு. பின்கட்டுச் சாமான் அறையில் சுமார் 12 அடி நீளத்துக்கு அந்தப் பழைய சிமென்ட் இன்னும் இருக்கிறது. பணம் தீர்ந்ததால் விட்டது. முன்னால் பீரோ நிற்கிறது, மறைக்க வைத்ததில்லை. நீங்கள் வரும்போது நகர்த்திக் காட்டுகிறேன். நீங்களும் தட்டிப் பாருங்கள்.

கரையான்?

மாடி வடக்கு அறையில் ஒரு உத்தரத்தின் முனை, சுவருக்குள் போகிற இடத்தில் போயிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அரை விரல் இறங்கும். மற்ற உத்தரங்களில் இறங்காது. தேக்கின் வைரத்தைக் கரையான் லேசில் தொடாது, ஆனால் சுவர் ஈரம் பட்டே இருக்கிற முனை எந்த மரமானாலும் மெத்துப்போகும். முற்றத்துத் தூண்களில் இரண்டுக்கு அடிப்பாகம் வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறது. ஒட்டு எங்கே என்று கண்டுபிடித்தால் உங்களுக்கு நல்ல கண்.

புயல், வெள்ளம், சுனாமி?

2004 சுனாமியில் இந்த ஊரைச் சுற்றியிருந்த மீனவர் குப்பங்கள் அடிபட்டன. நகரத்துக்கு முன்னால் கருங்கல் கொட்டிய கரை இருந்தது, தண்ணீர் எங்கள் வீதி வரை வரவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் மாடிக் கதவு ஒன்று கீலோடு பறந்து முற்றத்தில் விழுந்தது, பின்கட்டு ஓடு பாதி போயிற்று. மேல்தளம் அசையவில்லை.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல்தான் உண்மையான பரீட்சை. புயல் ஊருக்கு அருகிலேயே கரையேறியது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. முற்றத்துக்கு ஜலதாரை உண்டு, தெருச் சாக்கடைக்குப் போகும். தெருவே நிரம்பியபோது அது எங்கே போகும்? முற்றம் தொட்டி மாதிரி நிறைந்து, கூடத்தின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே நின்றது. தரை மட்டத்தை உயர்த்தி வைத்தவரை அன்று ராத்திரி மனசுக்குள் கும்பிட்டேன். பக்கத்தில் புதிதாகக் கட்டிய வீடுகளில் கார் நிறுத்தத் தரையைத் தாழ்த்தியிருந்தார்கள், அங்கெல்லாம் முழங்கால் தண்ணீர்.

பத்திரம் பிரெஞ்சில் இருக்குமாமே? செல்லுமா?

செல்லும். பழைய பத்திரங்கள் நொத்தேர் முன்னிலையில், பிரெஞ்சில், கையெழுத்தில் எழுதியவை. பிரெஞ்சு முறையில் நொத்தேர் என்பவர் நம்மூர் நோட்டரி வக்கீல் மாதிரி ஒரு சீல் குத்திவிட்டுப் போகிறவர் அல்ல. பத்திரத்தை எழுதி, மூலத்தைத் தானே வைத்துக்கொள்ளும் அதிகாரம் உள்ளவர். 1954 நவம்பர் 1இல் ஊர் நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் சேர்ந்த பிறகுதான் நம்முடைய பதிவு முறை இங்கே வந்தது. ஆகவே எங்கள் மூலப்பத்திரம் பிரெஞ்சு, நடுவில் உள்ள பாகப்பிரிவினையும் பிரெஞ்சு, அப்பா பெயருக்கு வந்தது தமிழ். பிரெஞ்சு இரண்டுக்கும் சான்றிட்ட மொழிபெயர்ப்பு வைத்திருக்கிறோம். ஆனாலும் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த உள்ளூர் வக்கீலிடம் மூலத்தைக் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சென்னையிலிருந்து வரும் வக்கீல்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே, ‘முப்பது வருஷ வில்லங்கம் போட்டா போதும் மேடம்’ என்று மூடிவிடுகிறார்கள். இந்த ஊர் வீட்டுக்கு அது போதாது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, தெற்குச் சுவரை மூலப்பத்திரம் ‘மித்வாயேன்’ என்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்று அர்த்தம். அதில் உத்தரம் ஏற்றவோ சன்னல் திறக்கவோ பக்கத்து வீட்டுச் சம்மதம் வேண்டும். அவர்கள் நல்லவர்கள், கேட்டால் தருவார்கள், கேட்காமல் செய்தால் தரமாட்டார்கள்.

இரண்டு, பெயர். எங்கள் வீட்டில் தலைமுறை விட்டுத் தலைமுறை முருகேசன்தான். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உகரத்துக்கு ஓவும் யூவும் சேர்த்துப் போடுவார்கள். பத்திரத்தில் எம்-ஓ-யு என்று தொடங்கும் தாத்தா, நகராட்சி ரசீதில் எம்-யு என்று தொடங்குகிறார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் எடுக்க எங்களுக்கு நான்கு மாதம் ஆயிற்று. இந்த ஊரில் எந்தப் பழைய வீடு வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

பிரான்ஸில் வாரிசு யாராவது இருந்து நாளைக்கு வந்து நிற்பார்களா?

இந்த ஊரில் மிகச் சரியான கேள்வி. 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு உடன்படிக்கைப்படி, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர்கள், சர்க்கார் வேலையில் இருந்தவர்கள் பலர் எடுத்தார்கள். தாத்தாவின் தம்பியும் எடுத்தார். அவர் பிள்ளைகள் மூன்று பேரும் தங்கள் பாகத்துக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, பதிவாகியிருக்கிறது.

நீங்கள் பார்க்கும் வேறு வீடுகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கலாம். 1881ஆம் வருஷத்து ஆணையின்படி தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இங்கே உண்டு, ரெனோன்சான் என்பார்கள். அவர்களுக்கு இந்து வாரிசுச் சட்டம் பொருந்தாது. நாங்கள் அந்தக் குடும்பம் இல்லை.

இப்போதைய உரிமையாளர்கள் நான், தங்கை, தம்பி, மூன்றே பேர். தம்பி பிரான்ஸில் இருக்கிறான். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்ட பவர் பத்திரம் என்னிடம் உள்ளது, இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைத்தாயிற்று. அவன் வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் அவன் பாகத்துக்கு நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டிய வருமானவரி, எங்கள் இருவருக்கும் பிடிக்கும் 1 சதவீதத்தைவிட அதிகம். ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இதில் தவறினால் மாட்டுவது வாங்குகிறவர்.

வெளிநாட்டுக்காரர் வாங்கலாமா?

இந்தியக் குடிமக்கள் எங்கே இருந்தாலும் வாங்கலாம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரில் ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும் வாங்கலாம். வெளிநாட்டில் வசிக்கும், இந்திய வம்சாவளி அல்லாத வெளிநாட்டவர் வாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும் எடுக்கலாம். நாங்கள் குத்தகைக்கு விடுவதாக இல்லை. வேறு யார் பெயரிலாவது வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு மூன்று போன் வந்தது. வேண்டாம்.

இடித்துவிட்டு ஃபிளாட் கட்டலாமா?

நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி இல்லாமல் இந்தப் பகுதியில் இடிக்கவும் முடியாது, முகப்பை மாற்றவும் முடியாது, நினைத்த உயரத்துக்குக் கட்டவும் முடியாது. ‘அதெல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்று சொன்னவர்களுக்கு வீட்டைக் காட்டவில்லை. ஒரு பில்டர் எல்லோரையும்விட அதிகமாகக் கொடுப்பதாகச் சொன்னார். தங்கைக்கு ஒரு வாரம் தூக்கம் வரவில்லை, எனக்கும்தான். கடைசியில் மூன்று பேரும் சேர்ந்தே மாட்டோம் என்றோம்.

ஹோட்டல், தங்கும் விடுதி, கஃபே?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். உபயோக மாற்ற அனுமதி, தீயணைப்பு, சுகாதாரம் என்று அலைய வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி குளியலறை. இந்த வீட்டில் கழிப்பறை இரண்டும் பின்கட்டில். விருந்தினருக்கு மாடியில் அறைக்கு ஒன்று வைக்க நினைத்தால், மெட்ராஸ் டெரஸில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கக் கூடாது. ஒரு கசிவு போதும், உத்தரம் போய்விடும். பின்பக்கச் சுவரை ஒட்டித் தனியாக ஒரு குளியலறைக் கட்டு எழுப்புவதுதான் நான் பார்த்தவரை உருப்பட்ட வழி.

பாரம்பரிய வீட்டுக்கு மானியம் கிடைக்குமா?

அதை நம்பி வாங்காதீர்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வைசியாள் வீதியில் வரிசையாக வீட்டு முகப்புகளைச் சீர்செய்து கொடுத்தது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. வீட்டை வாங்குவதற்கு முன் ஒருமுறை அந்த வீதியை நடந்து பாருங்கள், தாழ்வாரம் வரிசையாக நின்றால் எப்படி இருக்கும் என்பது புரியும். அந்தப் பணம் அந்த வீதியோடு முடிந்தது. ஆலோசனை கேட்டால் இன்டாக்கில் சொல்வார்கள்.

பேங்க் லோன் கிடைக்குமா?

நிலத்துக்குக் கிடைக்கும். மதிப்பீட்டுக்கு வந்த இன்ஜினீயர் ஒருவர், கட்டடத்தின் வயதைப் பார்த்துவிட்டு மதிப்பு என்ற கட்டத்தில் கிட்டத்தட்ட சைபர் போட்டார். போட்டுவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடித்தார்.

கதவையும் தூணையும் மட்டும் தனியாகத் தருவீர்களா?

தரமாட்டோம். வாசல் கதவைக் கேட்டு மட்டும் ஏழு பேர் வந்துவிட்டார்கள். நிலையைப் பெயர்த்தால் மேலே இருக்கும் வளைவு இறங்கும் என்பதுகூடத் தெரியாமல் டேப்பு வைத்து அளக்கிறார்கள். ஊஞ்சல் வீட்டோடு சேர்த்தி. சாமி அறை விளக்குகள் மட்டும் தங்கை எடுத்துக்கொள்வாள்.

தண்ணீர், கார், வாஸ்து?

நகராட்சிக் குழாய் உண்டு. கிணற்றுத் தண்ணீர் நான் சின்னவளாக இருந்தபோது குடித்தது, இப்போது உப்புக் கரிக்கிறது. துணி துவைக்கலாம். சுண்ணாம்பு குழைக்க அதை எடுக்காதீர்கள், உப்பு சுவருக்குள் போய்விடும். கார் உள்ளே வராது, தெருவில் இடம் கிடைத்த அன்று உங்கள் அதிர்ஷ்டம். வாஸ்து பார்க்க வந்தவர் கிணறு தப்பான மூலையில் இருக்கிறது என்றார். பேய் இருக்கிறதா என்றும் ஒருவர் கேட்டார். இருக்கிற உறவுக்காரர்களோடு இத்தனை வருஷம் வாழ்ந்தாயிற்று, பேய் எதுவும் கண்ணில் படவில்லை.

சரி, விலை?

வந்து பார்த்தவருக்குத்தான் சொல்கிறோம். போனில் சொன்னால் அந்தத் தொகையைச் சதுர அடியால் வகுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகை, மரத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு தொகை, அதிலிருந்து மேலே சொன்ன பழுதுகளுக்குக் கழிவு, இப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். தாளில் எழுதியே காட்டுவேன். முழுத் தொகையும் பேங்க் வழியாக. புரோக்கர் மூலம் வந்தால் அவர் கமிஷன் உங்களோடு.

இவ்வளவு பிடித்த வீட்டை ஏன் விற்கிறீர்கள்?

அம்மா இருந்தவரை விளக்கு எரிந்தது. அவள் போய் மூன்று வருஷம். நான் லாஸ்பேட்டையில், தங்கை சென்னையில், தம்பி பிரான்ஸில். வாரத்துக்கு ஒரு நாள் வந்து சன்னல் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். பூட்டிய சுண்ணாம்பு வீடு புழுங்கும். போன மழைக்கு மாடிச் சன்னலில் மூன்று திறக்கவே மறுத்துவிட்டன. என் முழங்காலுக்கும் படி ஒத்துவரவில்லை. மூன்று பேரில் ஒருவர் வாங்கிக்கொள்ளலாம் என்று பேசிப் பார்த்தோம். யாரிடமும் அவ்வளவு பணம் இல்லை.

எப்போது வந்து பார்க்கலாம்?

வெள்ளிக்கிழமை காலை 9 மணியிலிருந்து மதியம் வரை நான் இருப்பேன், முந்தின நாள் பலகையிலுள்ள எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். கோடையில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். கொத்தனாரையோ இன்ஜினீயரையோ கூட்டி வரலாம், சுண்ணாம்பு தெரிந்தவராக இருந்தால் நல்லது. டார்ச், ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவாருங்கள். பீரோவை நகர்த்த இன்னொரு கை வேண்டும்.